கல்லைப் பெயர்க்கும் முன் படி எடுத்த தலம்

திருமழபாடி அருள்மிகு வைத்தியநாத சுவாமி திருக்கோயில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்தது. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்றது. காவிரி வடகரைத் தலங்களுள் 54ஆவதாக எண்ணப்படுவது. பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமான் திருமணம் இங்கு நிகழ்வதை அன்பர்கள் நன்கறிவர். அவற்றையெல்லாம் பலரும் எழுதியுள்ளனர். ஆகலின் ஈண்டு அவற்றை விரியாது, இத்தலத்துக் கல்வெட்டு ஒன்றையும், இத்தலத்துக்கு வடக்கே அரியலூர், பெரம்பலூர் நாட்டில் மண்ணுக்குள் கிடக்கும் சில கற்களையும் பற்றிக் கூற விழைகின்றேன். கோயிலுக்கும் ஓடைக்கரைக் கல்லுக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். தொடர்பு உண்டு.

இத்தலத்து இறைவனுக்கு வச்சிரத்தம்பேசுவரர் என்றும் ஒரு திருநாமம் வழங்குகிறது. வயிரத்தூண் நாதர் என்பது அதன் தமிழ். புருடாமிருகம் சத்தியலோகத்திலிருந்து சிவலிங்கத்தைக் கொணர்ந்து இங்கே நிலைநாட்டியது என்றும், பிரமன் வந்து அதனைப் பெயர்க்க முயன்று இயலாமல், இது வயிரத்தூணோ என வியந்து நின்றான் என்றும் தலபுராணம் கூறும். பெயர்க்க இயலாத கல் என்பதே அத்திருநாமத்தின் பொருள். ஓர் இடத்தில் ஊன்றிய பின் அவ்விடத்தோடு பிரிவின்றி நிற்பதனாலேயே அது தலம் ஆயிற்று.

இனிக் கல்வெட்டு. முதலாம் இராசராச சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1012ஐ ஒட்டிய காலத்தில், இக்கோயில் விமானத்தைப் பிரித்துக் கற்றளியாகப் புதுக்கிக் கட்ட ஆணையிட்டான். அதற்கு முன் ஒரு கட்டளையும் இட்டான். பழைய சுவரில் உள்ள கல்வெட்டுகளையெல்லாம் முதலில் ஏட்டில் படி எடுத்துக்கொள்ள வேண்டும், அதன் பின்னரே கல்லைப் பெயர்க்க வேண்டும் என்பது அக்கட்டளை. அவ்வாறே படி எடுத்தனர், விமானத்தைப் பிரித்தனர், கட்டினர். அவன் மைந்தன் இராசேந்திரன் ஆட்சியின் 14ஆம் ஆண்டில் அந்த ஏட்டைப் பார்த்துப் பழைய வாசகங்களைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தனர். படி எடுத்த செய்தியும் கல்லிலேயே பொறிக்கப்பட்டது.

இதன் அருமையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவரில் என்ன எழுதியிருந்தது? யாரோ ஒருவர் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் விட்டிருப்பார். ஒருவர் நிலம் கொடுத்திருப்பார். ஒருவர் சிறிது பொன் அளித்திருப்பார். அவர்கள் அரசர் அல்லர். அவர்தம் பெயர் வேறெங்கும் இராது. கல்லைப் பெயர்த்து வரிசை மாற்றி அடுக்கியிருந்தால் கல் இருக்கும், சொல் போயிருக்கும். பல கோயில்களில் அவ்விதம் எழுத்துக் கற்கள் படிக்கட்டிலும் தளவரிசையிலும் தலைகீழாகக் கிடப்பதைக் கண்டு வருந்தியிருக்கிறோம். திருமழபாடியில் அது நேராமல் காத்தது ஓர் ஏடு.

கடல் கிடந்த நிலம்

திருமழபாடியிலிருந்து வடக்கே அரியலூருக்கும், அங்கிருந்து மேற்கே பெரம்பலூர் எல்லைக்கும் சென்றால் வேறொரு வகை எழுத்தைக் காணலாம். அது உளியால் வெட்டப்பட்டது அன்று. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இந்நாட்டின் பெரும்பகுதி கடலுக்குள் கிடந்தது. இன்று அண்டார்டிகா எனவும் ஆத்திரேலியா எனவும் வழங்கும் நிலங்களோடு ஒட்டிக் கிடந்த இந்தியப் பெருநிலம் பிரிந்து விலகிய காலம் அது. பிளவில் கடல் புகுந்தது. பலமுறை ஏறியது, பலமுறை இறங்கியது. ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் சேற்றையும் மணலையும் சிப்பியையும் அடுக்கடுக்காக விட்டுச் சென்றது. அந்த அடுக்குகளே இன்றைய நம் ஓடைக்கரைகள், மேட்டுக்காடுகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அக்காலத்தை நிலநூலார் கிரிட்டேசியக் காலம் என்பர்.

அடுக்குகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களைக் கேட்டால் அன்பர்கள் வியப்பர். ஊட்டத்தூர் வரிசை, திருச்சிராப்பள்ளி வரிசை, அரியலூர் வரிசை என்று மூன்றாக முதலில் பகுத்தனர். பின்வந்தோர் மேலும் நுணுகி, காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கள்ளங்குறிச்சி, கல்லமேடு என ஊர்ப் பெயர்களையே அடுக்குப் பெயர்களாக இட்டனர். ஊட்டத்தூரில் சுத்தரத்தினேசுவரரைத் தொழுதுவரும் நாம், அவ்வூரின் பெயர் உலக நாட்டு நிலநூல்களில் ஒரு கடலின் காலத்தைக் குறிக்கும் சொல்லாக நிற்பதை அறிவதில்லை. கள்ளங்குறிச்சியும் அத்தகையதே. அங்கே கலியுக வரதராசப் பெருமாளைக் கம்ப வடிவில் வழிபடுகிறோம். சுமார் 12 அடி உயரமுள்ள கல் தூணே பெருமாள். அந்த ஊரின் பெயர் தாங்கிய சுண்ணாம்புக்கல் அடுக்கோ பெரும்பாலும் சிப்பி ஓடுகளால் ஆனது. கை அகலமுள்ள தடித்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செறிந்து கிடக்கும். இதனைத்தான் வெட்டிச் சுட்டுச் சிமென்ட் ஆக்குகின்றனர். எனவே நம் வீட்டுச் சுவரிலும் அக்கடலின் ஒரு பகுதி இருக்கிறது எனலாம். உவமையாகச் சொல்லவில்லை, உண்மையே அது.

கருடமங்கலத்துச் சிப்பிக்கல் வேறு விதமாகப் பெயர்பெற்றது. மெருகிட்டால் கருநிறப் பரப்பில் வெண்சிப்பிகள் ஒளிரும். திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல் என்ற பெயரில் ஆங்கிலேயர் காலத்தில் அதனை அலங்காரப் பொருள்களுக்குப் பயன்படுத்தினர்.

காரை, குளக்காநத்தம் பக்கத்து நிலத்தை நேரில் கண்டவர் மறவார். மழைநீர் அரித்து அரித்து, புல் பூண்டு அற்ற செம்மஞ்சள் மேடுகளும் பள்ளங்களுமாகக் கிடக்கும். ஆங்காங்கே கண்ணாடித் துண்டு போல ஜிப்சம் மின்னும். கரிக்கோல் முனை போன்ற கூரிய சிறு கல்தண்டுகள் கிடக்கும். அவை கணவாய் இனத்தைச் சேர்ந்த பெலம்னைட்டு எனும் உயிரின் உள்ளோடுகள். ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கற்களும் கிடக்கும். அவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் அவை நம் பூசையறை வரை வந்துவிட்டன.

சாளக்கிராமமும் சுருள் கல்லும்

சுருண்ட அக்கல்லுக்கு அம்மோனைட்டு என்று பெயர். கணவாய்க்கும் பேய்க்கணவாய்க்கும் உறவான ஒரு கடலுயிரின் ஓடு அது. ஓட்டின் உள்ளே அறை அறையாகத் தடுப்புகள் இருக்கும். உயிர் வளர வளர முன்னே ஒரு புதிய அறை கட்டிக்கொண்டு அதில் குடியேறும். பழைய அறைகளை அடைத்துவிட்டு, அவற்றில் காற்று நிறைத்து மிதக்கும். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இவ்வினம் முழுவதும் அற்றுப்போயிற்று. அரியலூர் நாட்டு அடுக்குகளில் அவ்வினத்தின் கடைசிக் காலம் வரையிலான வரலாறு கிடக்கிறது.

நேபாள நாட்டுக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமம் பலவற்றுள் இருப்பதும் இதே இனத்து ஓடுதான். முக்திநாத் பகுதி 108 திவ்வியதேசங்களுள் ஒன்றாகத் திருச்சாளக்கிராமம் எனப் போற்றப்படுகிறது. இமயம் எழுவதற்கு முன் அங்கும் ஒரு கடல் இருந்தது; அக்கடலின் அடியில் 14 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்ப் படிந்த கருஞ்சேற்றில் அகப்பட்ட அம்மோனைட்டுகள் கல்லாகி, மலையோடு உயர்ந்து, ஆற்றால் உருட்டப்பெற்று வழுவழுப்பாகி வெளிவருகின்றன. உடைந்த கல்லினுள் காணும் சுருளைத் திருமாலின் திருச்சக்கரமாகக் கண்டது நம் மரபு.

புராண மரபு இன்னொன்றும் கூறுகிறது. வச்சிரகீடம் எனும் ஒரு புழு கல்லைக் குடைந்து உள்ளே சக்கரம் வரைகிறது என்பது அது. அம்மோனைட்டு கல்லைக் குடைந்தது அன்று. உயிர் முந்தியது, கல் பிந்தியது. ஆகவே இதனைக் கொண்டு நம் முன்னோர் இக்கால அறிவியலை அன்றே அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவது மிகை. எனினும் அச்சுருள் தானே உண்டானது அன்று, ஓர் உயிர் செய்தது என்று அவர்கள் கண்டனரே, அந்நோக்கு சிறியது அன்று. பிற நாட்டார் கண்டதையும் ஒப்பிட்டால் இது விளங்கும். எகிப்து நாட்டு அம்மோன் எனும் தெய்வத்துக்கு ஆட்டுக்கடாக் கொம்பு உண்டு. இக்கல் அத்தெய்வத்தின் கொம்பு என்று உரோமர் எண்ணினர். அம்மோனைட்டு என்னும் பெயர் அங்கிருந்தே வந்தது. இங்கிலாந்தில் விட்பி எனும் கடற்கரை ஊரில், ஹில்டா எனும் துறவியம்மையார் பாம்புகளைக் கல்லாக்கினார் என்பர். அவ்வூர் வணிகர் சிலர் சுருள் கல்லின் முனையில் பாம்புத் தலை செதுக்கி விற்றதும் உண்டு.

இனி, அன்பர்கள் அடிக்கடி கேட்கும் வினாவுக்கு வருகின்றேன். காரையிலோ அரியலூர் ஓடையிலோ எடுத்த சுருள் கல்லைச் சாளக்கிராமமாக வைத்துப் பூசிக்கலாமா? நான் ஆகமம் ஓதியவன் அல்லன். ஆயினும் மரபு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. சாளக்கிராமம் என்பது கண்டகி தந்த கல். அவ்வாற்றோடும் அத்தலத்தோடும் கூடியே அது சாளக்கிராமம். வடிவம் ஒத்தமையாலேயே காரைக் கல் சாளக்கிராமம் ஆகாது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் சேர்த்தே வழிபடும் நமக்கு இது புதிய செய்தி அன்று. நிலநூலாரும் தம் வழியில் இதையே கூறுவர். இரண்டும் ஒரே இனத்து ஓடு. ஆனால் காலம் வேறு, கடல் வேறு, வகை வேறு. எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதை அறிந்தால்தான் அக்கல் பேசும். ஓடையிலிருந்து எடுத்துப் பையில் இட்டுக்கொண்டு வந்து மாடத்தில் வைத்தபின் அது எந்தக் கடலின் கல் என்று யாராலும் சொல்ல இயலாது. சாத்திர நோக்கிலும் அது சாளக்கிராமம் ஆகவில்லை. அறிவு நோக்கிலும் ஊமையாயிற்று. இரண்டு வழியிலும் இழப்பே.

ஏட்டில் ஏறிய உயிர்கள்

இக்கற்களுக்கு ஏடு எழுதியவர்கள் உண்டு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய கற்களை இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்சு என்பார் அவற்றை ஆராய்ந்து 1846இல் நூலாக்கினார். அடுத்து வந்தவர் ஹென்றி பிளான்போர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த அவர் இந்நாட்டை ஓடை ஓடையாக நடந்து அளந்து, எந்த அடுக்கின்மேல் எந்த அடுக்கு கிடக்கிறது என்று வரையறுத்து 1862இல் வெளியிட்டார். மேலே கூறிய ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் முப்பகுப்பு அவர் செய்ததே.

மூன்றாமவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த மொராவியாவில் 1838இல் பிறந்தவர். 1862இல் கல்கத்தா வந்து ஆய்வுத்துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கிரிட்டேசிய உயிர்களைப் பற்றிய நான்கு பெருந்தொகுதிகளுள் மிகப் பெரும்பகுதி அவர் எழுதியது. தொடக்கம் பிளான்போர்டு 1861இல் செய்தது. 1873இல் தொகுதிகள் நிறைவுற்றன. கணவாய் இனம், நத்தை இனம், சிப்பி இனம், கடல்முள்ளெலி, பவளம் என வகை வகையாக ஒவ்வொன்றையும் அளந்து, விளக்கி, பெயரிட்டு, படம் வரைந்து சேர்த்துள்ளார். 1874 சூன் திங்களில், யார்க்கந்து சென்ற தூதுக்குழுவோடு மீண்டு வரும் வழியில் இலடாக்கின் உயர்மலையில் அவர் உயிர் நீத்தார். அகவை 36. இலே நகரில் அவருக்கு நினைவுத்தூண் உள்ளது. அரியலூர்க் கல்லைப் பற்றி எழுதியவர் இமயப் பனியில் அடங்கினார்.

அத்தொகுதிகளின் படங்களை அன்பர்கள் யாரேனும் காண வாய்த்தால் நிதானமாகக் காண வேண்டும். கல் அச்சில் அடித்தவை அவை. மெருகிட்ட சுண்ணாம்புக்கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, நீர் தடவி, மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பற்றும். இத்தகைய அச்சுக்கல்லுக்கு உலகெங்கும் பெயர்பெற்றது செருமனியின் சோல்ன்ஹோஃபென் என்னும் ஊர். அங்கும் அக்கல்லினுள் பழைய உயிர்களின் படிவுகள் உண்டு. ஆக, கல்லில் கிடந்த உயிரைக் கல்லில் வரைந்து காகிதத்தில் ஏற்றினர். ஓர் அம்மோனைட்டுக்கு ஒரு படம் போதாது. பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, வாய்ப்புறம் ஒன்று, அறைத்தடுப்பு ஓட்டோடு சேரும் இடத்தில் ஓடும் நெளிகோடு தனியே ஒன்று. அந்நெளிகோடு இலையின் விளிம்பு போலப் பல மடிப்புடையது. இனத்துக்கு இனம் வேறுபடும். கையெழுத்தைக் கொண்டு ஆளை அறிவது போல அக்கோட்டைக் கொண்டு இனத்தை அறிவர். நிழல், புள்ளி, முறிந்த முனை, கீறல் எதனையும் அழகுக்காக மறைக்கவில்லை. உடைந்ததை உடைந்தவாறே வரைந்தனர். ஓவியம் என்னும் சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் வேறு. இது படி எடுத்தல்.

இவற்றுள் ஒன்றுக்கு ஸ்டோலிச்கா அரியலூர் என்னும் ஊர்ப் பெயரையே இலத்தீனமாக்கி அரியலூரென்சிஸ் என்று பெயரிட்டார். 1956இல் பெயர் பெற்ற இன்னொரு பேரினம் உட்டட்டூரிசெராஸ்; ஊட்டத்தூர்க் கொம்பு என்று தமிழ்ப்படுத்தலாம். பெயரிடும்போது ஒரு முறை உண்டு. எந்தக் கல்லைக் கண்டு பெயரிட்டனரோ, அந்தக் கல்லையே மூலச்சான்றாகக் காப்பகத்தில் வைத்துவிடுவர். பின்னர் ஐயம் எழுந்தால் அதனை எடுத்துப் பார்ப்பர். ஏட்டுப் பதிப்பாளர்க்கு மூல ஏடு எப்படியோ அப்படி. இந்நாட்டுக் கற்களின் மூலச்சான்றுகள் கொல்கத்தாவிலும் இலண்டனிலும் உள்ளன. அரியலூர் மாணவன் தன் ஊர்க் கல்லைக் காண அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியிருப்பது வருந்தத்தக்கதே. ஆயினும் படம் உள்ளமையால் அவன் இங்கிருந்தே ஒப்பிட இயலும்.

இவ்விடத்து ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். இளமையில் அரியலூரிலும் குன்னத்திலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் தங்கித் தமிழ் பயின்றார். அரியலூர்ச் சடகோப ஐயங்காரும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரும் அவருக்குப் பாடஞ்சொன்னவர்கள். ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அதே ஊர்களின் ஓடைக் கற்களைக் கல்கத்தாவில் ஒருவர் ஏட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியார். கரையான் அரிக்கும் ஏட்டை ஒருவர் அச்சேற்றினார். மழை அரிக்கும் கல்லை மற்றவர் அச்சேற்றினார். உயிர்களை அறிவின் அளவால் வகுத்து, நத்தை முதலியவற்றை ஈரறிவுயிராகத் தொல்காப்பிய மரபியல் வைத்ததைப் படித்த நம் புலவர் எவரேனும் அன்று இக்கற்களையும் நோக்கியிருந்தால், சிப்பிகளுக்கெல்லாம் நல்ல தமிழ்ப் பெயர் கிடைத்திருக்கும். அது நேரவில்லை.

சாத்தனூரும் கல்லமேடும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்மரம் கிடக்கிறது. அணை உள்ள சாத்தனூர் திருவண்ணாமலைப் பக்கத்தது, இது வேறு. 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள ஓர் அடிமரம் முழுதும் கல்லாகி ஓடையோரம் கிடக்கிறது. 1940இல் எம்.எசு. கிருட்டிணன் என்னும் புவியியல் அறிஞர் இதனை அறிவுலகுக்கு அறிவித்தார். இதன் அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்பர். ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்தது. ஆற்றில் அடித்துவரப்பெற்றுக் கடலில் சேர்ந்து, சேற்றில் அமிழ்ந்து, மரத்தின் நுண்ணறை ஒவ்வொன்றிலும் சிலிக்கா கரைந்த நீர் ஊறி, மரம் போகக் கல் வடிவம் நின்றது. விழுப்புரம் மாவட்டத்துப் பாடல்பெற்ற தலமான திருவக்கரையிலும் கல்மரங்கள் உள்ளன. அவை காலத்தால் மிகப் பிந்தியவை, சுமார் 2 கோடி ஆண்டினவை. வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கச் செல்வோர் அவற்றையும் கண்டு வரலாம். சாத்தனூர் மரம் அதே இடத்தில் வேலியிட்டுக் காக்கப்படுவதால் இன்றும் அதன் வரலாறு முழுமையாக உள்ளது.

கல்லமேட்டின் கதை அவ்வாறு முடியவில்லை. கள்ளங்குறிச்சிச் சிப்பி அடுக்குக்கும் பிந்தியது கல்லமேட்டு அடுக்கு. கடல் பின்வாங்கி ஆறுகள் ஓடிய காலத்தது. அங்கே டைனோசர் இனத்தின் எலும்புகள் கிடைக்கின்றன. மேட்லி என்னும் ஆங்கிலேயர் 1929இல் அவற்றைப் பற்றி எழுதினார். பின்னர் யாதகிரி, அய்யாசாமி என்னும் இந்திய அறிஞர் இருவர் அங்கே கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை ஆராய்ந்து, 1987இல் புருகத்காயோசாரசு மேட்லியி என்று பெயரிட்டனர். புருகத் காயம் என்பது வடமொழி; பேருடல் என்பது பொருள். கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். முதலில் ஊன் உண்ணி எனக் கருதினர்; பின்வந்தோர், தழை உண்ணும் நெடுங்கழுத்து இனம் எனத் திருத்தினர். நிலத்தில் நடந்த உயிர்களுள் மிகப் பெரியனவற்றோடு இதனை வைத்து எண்ணுவாரும், அவ்வளவு பெரிதன்று என மறுப்பாரும் உளர்.

வழக்கைத் தீர்க்க மூலச்சான்றை எடுத்துப் பார்க்கலாமே எனின், அது இல்லை. அவ்வெலும்புகள் ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கியதால் உதிரும் இயல்பின. எடுத்தபின் நொறுங்கிப் போயின. முதல் கட்டுரையில் இருந்தவை எளிய கோட்டுப் படங்கள் சிலவே. அதனால் உலகில் பலர், இப்படி ஓர் எலும்பு இருந்ததா, அது கல்லான மரத்துண்டாக இருக்குமோ என்று கூட ஐயுற்றனர். 2022இல்தான் களத்தில் எடுத்த பழைய ஒளிப்படங்கள் சில வெளியிடப்பட்டன. மண்ணில் பாதி புதைந்தவாறு எலும்பு கிடப்பதை அவற்றில் காணலாம். இன்று அப்பேருயிருக்குச் சான்றாக நிற்பவை அந்த ஒளிப்படங்களே. மூலவர் இல்லை, படியே உளது. இன்னும் தெளிவாகப் படி எடுத்திருந்தால் 35 ஆண்டு வழக்கு எழுந்திராது. இராசராசன் இட்ட கட்டளையை இவ்விடத்து நினையாமல் இருக்க முடியவில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஒன்று 2020 அக்டோபரில் குன்னத்தில் நேர்ந்தது. குளத்தருகே பெரிய உருண்டைக் கற்கள் பல வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவிற்று, கூட்டம் திரண்டது. அறிந்தோர் வந்து நோக்கி, அவை முட்டை அல்ல, அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவுருண்டைகள் என்றனர். கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தமையால் உண்மையை உடனே உரைக்க முடிந்தது. வீட்டுக்கு ஒன்றாகத் தூக்கிச் சென்றிருந்தால் இன்றும் முட்டைகளாகவே வழங்கும்.

அன்பர்கள் கவனத்துக்கு

சுண்ணாம்புக்கல் வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று கூற நான் முற்படவில்லை. அத்தொழிலால் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. சுரங்கம் தோண்டியதனாலேயே வெளிப்பட்ட படிவுகளும் உண்டு. இராசராசனும் பழைய விமானத்தைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரிக்கும் முன் எழுதிக்கொள் என்றான். வேறு சிலர் வருந்தத்தக்க செயல் செய்கின்றனர். காரை மேடுகளுக்கு உல்லாசமாக வந்து மூட்டை மூட்டையாகக் கல் பொறுக்கிச் செல்வோரும், அவற்றை விலைக்கு விற்போரும், சாளக்கிராமம் என்று பொய் கூறி அன்பர்களிடம் கொடுப்போரும் அவர்களுள் அடங்குவர். மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகின்றனர். ஆண்டுக்கு நூறு மாணவர் சென்றால் மேடு எத்தனை ஆண்டு தாங்கும்?

திருமழபாடி தரிசனம் முடித்து வடக்கே செல்வோர் அரியலூரை அடுத்த வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் எச்ச அருங்காட்சியகத்தைக் காணலாம். அம்மோனைட்டு, சிப்பி, பெலம்னைட்டு முதலியவற்றை அங்கே ஒருசேரக் காணலாம். குழந்தைகளுக்கு எளிதில் விளங்கும். சாத்தனூர்க் கல்மரத்தைத் தனியே ஒருநாள் சென்று பார்ப்பது நன்று.

வயலில், கிணறு வெட்டும்போது, குளம் தூர்வாரும்போது இத்தகைய கல் அகப்பட்டால் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. கல்லை அசைக்காமல், அருகில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து ஒளிப்படம் எடுத்துக்கொள்க. சற்று விலகி நின்று சுற்றுப்புறமும் தெரிய மற்றொன்று எடுக்க. ஊர், ஓடையின் பெயர், வயலின் புல எண், தரையிலிருந்து எத்தனை அடி ஆழம், மேலும் கீழும் இருக்கும் மண்ணின் நிறம் ஆகியவற்றை அன்றே ஒரு தாளில் எழுதுக. நாளை எழுதலாம் என்றால் மறந்துவிடும். பின்னர் அத்தாளையும் படங்களையும் வாரணவாசி அருங்காட்சியகத்திலோ, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறையிலோ சேர்ப்பிக்கலாம். ஈரம் பட்டு நொறுங்கும் எலும்பு போலத் தோன்றினால் அதன்மேல் சாக்கு ஒன்றை மூடிவைத்து, அன்றே தெரிவிக்க வேண்டும்.